ஏழாவது ரீல்

நாற்பத்தோரு ஆண்டுகள் தகர டப்பாக்களில் கிடந்த படத்தை எடுத்து மறுபடி ஓட்டியபோது, அதில் இருந்தவர்கள் எல்லோருக்கும் நாற்பத்தோரு வயது கூடியிருந்தது. கதாநாயகன் முதல் காட்சியில் வெள்ளைக் குதிரையில் பாய்ந்து வரவேண்டியவன். குதிரை எப்போதோ செத்துவிட்டபடியால் நடந்து வந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடங்களில் நின்று நின்று வந்தான். கூட்டத்தில் தொலைந்துபோக வேண்டிய ஐந்து வயதுக் குழந்தை வழுக்கைத் தலையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தது. காதல் பாட்டின் முதல் சரணம்வரை தாக்குப்பிடித்த ஜோடி, மூச்சு வாங்கியதால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மீதியை வாத்தியக்காரர்களிடமே விட்டுவிட்டது. இதெல்லாம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். வெளியே நல்ல வெயில்.

படம் கிடைத்த விதத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊரின் ஒரே சினிமா கொட்டகை மூடப்பட்டு, சில காலம் சிமெண்டு மூட்டைகளுக்கு இடம் கொடுத்து, கடைசியில் மெத்தைக் கிடங்காக ஆகியிருந்தது. தலையணைகளை அடுக்க இடம் போதாமல் மெத்தைக்கடைக்காரர் மாடியில் பூட்டிக் கிடந்த ஆபரேட்டர் அறையை உடைத்துத் திறந்தார். உள்ளே ஒரு புரொஜெக்டரும் பதினான்கு டப்பாக்களும் இருந்தன. அன்று அவருக்குப் பல்வலி. பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, வாயில் இரண்டு விரல்களும் ஒரு கருவியும் இருந்த நிலையில் அவர் சொன்ன செய்தியை டாக்டர் ஒரு எழுத்துகூட விடாமல் புரிந்துகொண்டார், ஏனென்றால் டாக்டருக்குப் பழைய படம் என்றால் உயிர். வருகிறவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் பழைய படங்களின் பெருமையைப் பேசுவது அவர் வழக்கம். யாரும் மறுத்துப் பேசும் நிலையில் இல்லாததால், இந்த விஷயத்தில் ஊரே தன் பக்கம் என்று இருபத்தைந்து வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் இப்போது மின்விசிறி பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்து வந்து, ஒன்பது நாள் எண்ணெய் போட்டுத் துடைத்து, புரொஜெக்டரைப் பேசவைத்தார்கள். நாற்காலிகள் போன இடம் தெரியாததால் எல்லோரும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அசைந்தால் பத்தொன்பது பேருக்கும் சரசரவென்று கேட்டது.

முதல் ரீல் முடிவதற்குள் டாக்டர் எழுந்து நின்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"வேற படத்தைப் போட்டுட்டீங்களா?"

"அதே படம்தான் டாக்டர்," என்று ஓட்டை வழியாக ஆபரேட்டரின் குரல் வந்தது. "ஆளுங்களுக்குத்தான் வயசாயிருக்கு."

டாக்டர் லேசில் நம்புகிறவர் அல்ல. டப்பாவோடு கிடைத்த விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு திரைக்கு அருகே போய், கதாநாயகி சிரிக்கும்வரை காத்திருந்தார். சிரித்தாள். மேல்வரிசையில் இடதுபக்கக் கோரைப்பல் பக்கத்துப் பல்லின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, விளம்பரத்தில் இருந்ததுபோலவே. கதாநாயகனின் முன்பல்லில் அதே மூலை உடைந்திருந்தது. திரும்பி வந்து மெத்தையில் உட்கார்ந்து, "அதே ஆளுங்கதான்," என்று அறிவித்தார். பல் டாக்டரே சொன்ன பிறகு வேறு யார் என்ன சொல்ல? இடைவேளையில் ஆபரேட்டர் கீழே வந்தபோது காரணம் கேட்டார்கள். அவர் கை துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "பாக்க ஆள் வந்தா நடிப்பாங்க. நாப்பது வருஷமா ஒருத்தரும் வரலைன்னா டப்பாவுக்குள்ள என்ன பண்ணுவாங்க? அவங்கவங்க பொழப்பைப் பாத்திருப்பாங்க." இதைவிட நல்ல விளக்கம் பிறகும் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஏழாவது ரீலுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். கதைப்படி அதில் ஒரு கொலை. பொய்ப் பத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெண்ணை வில்லன் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிடுவான். தோட்டம் வந்தது, கிணறும் வந்தது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடி, ஓரமாக மோட்டார் வைத்திருந்தார்கள். வில்லன் வந்தான், மீசை முழுக்க நரை, கையில் ஒரு சுருள் ரப்பர் குழாய். பின்னாலேயே கிணற்றில் சாகவேண்டியவள் வந்தாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. "முக்கால் அங்குலம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அரை அங்குலம் வாங்கிட்டு வந்திருக்கீங்களே," என்று ஆரம்பித்து, அந்த ரீல் முழுவதும் அவள் விடவில்லை. வில்லன் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வலையின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பல வருடங்களாகக் கேட்டுப் பழகிய அமைதி இருந்தது. பார்த்தவர்களில் சிலர் அப்போதே ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கிணற்றுக்காரி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மீட்டரம்மா. வில்லன், மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர்.

மீட்டரம்மா மின்சார அலுவலகத்தில் முப்பத்தாறு வருடங்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவள். இருபத்தொரு வயதில் அவள் பஸ் நிலையத்தில் கண்டக்டர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததை, படம் எடுக்க வந்திருந்த இயக்குநர் பார்த்துவிட்டு, "இந்தக் கோபம் எனக்கு வேணும்," என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வில்லனாக வரவேண்டிய நடிகர் வராததால், குதிரைக்கு ஊசி போட வந்த கம்பவுண்டருக்கே மீசை ஒட்டி நிற்கவைத்தார். இருபத்துமூன்று நாட்களில் படம் முடிந்தது. மூன்றே நாட்களில் ஓட்டமும் முடிந்தது. அந்த இருபத்துமூன்று நாட்களில் கம்பவுண்டருக்கும் அவளுக்கும் இடையில் ஏதோ பேச்சு வளர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் படம் வந்த மறுவாரமே அவர் தன் மாமாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டுப் போனார். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு எல்லாமே அவளுடைய அண்ணன் சர்வேயர்தான். நிலம் அளப்பவர், தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுதாதவர், பார்த்ததை அழிக்காதவர். மூன்றாம் நாள் காட்சிக்கு அவர் போயிருந்தார். கொட்டகையில் அவரைத் தவிர மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர் மட்டுமே இருந்தார்கள், அவர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆக, தங்கை கொலையானதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி.

"என் தங்கச்சியைக் கிணத்துல தள்ளினவனுக்கே அவளைக் கட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா?" என்று அவர் மாமாவிடம் கேட்டார்.

"சினிமாங்க அது," என்றார் மாமா.

"எனக்குத் தெரியாதா? மத்த சீன்லெல்லாம் உங்க பையன் மரக்கட்டை மாதிரி நிக்கறான். வசனத்தை ஒப்பிக்கறான். தள்ற சீன்ல மட்டும் முகத்தைப் பாருங்க. அப்படியே நிஜம். நடிப்பு வராதவன் முகத்துல அது எங்கேருந்துய்யா வந்துச்சு?"

கம்பவுண்டர் தலைகுனிந்து எழுந்து போனார். உள்ளே கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அவர் மறுபடி வருவார் என்று ஒரு வருடம் எதிர்பார்த்தாள். வரவில்லை. இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று முடிவுகட்டி வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளை அவளே தட்டிக்கழித்தாள். ஒருவன் சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தான் என்பதே ஒருமுறை காரணமாக இருந்தது. கம்பவுண்டரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க அவர் வீட்டுக்கு அவள் போய்த்தான் ஆகவேண்டும். அவள் வரும் நாளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருக்கும். தண்ணீரைக் குடிப்பாள், எண்ணை எழுதுவாள், போவாள். முப்பத்தாறு வருடங்களில் இருநூற்றுப் பதினாறு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறாள். உட்கார்ந்ததில்லை.

இப்படி இருந்த ஊரில், இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதைப் பத்தொன்பது பேர் பட்டப்பகலில் பார்த்துவிட்டால் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை மதியத்துக்குள் செய்தி போகாத வீடு இல்லை. காய்கறிக் கடையில் மீட்டரம்மாவைப் பார்த்து, முக்கால் அங்குலக் குழாய் கிடைத்ததா என்று ஒரு பெண் கேட்டாள். அவள் பார்த்த பார்வையில் கேட்டவள் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். சர்வேயருக்கு வயது எழுபத்தைந்து. கோபத்துக்கு மட்டும் வயது ஆகவில்லை. எவனோ வேண்டுமென்றே கிளப்பிவிட்ட வதந்தி, ஏழாவது ரீலில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும், அதை ஊருக்கே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெத்தைக் கிடங்குக்கு வந்து முதல் வரிசை மெத்தையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அன்று எழுபது பேர் வந்திருந்தார்கள்.

அதே பதினான்கு ரீல்கள்தான். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் ஒரு வாரம் போயிருந்தது; முக்கால் அங்குலக் குழாய் வந்து மோட்டாரில் மாட்டியிருந்தது. வில்லன் முக்காலி ஒன்றைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தான். கிணற்றுக்காரி முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவளால் இப்போதெல்லாம் குனிய முடிவதில்லை போலும். வில்லன் அவள் பாதத்தை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நகம் வெட்டினான். "பாத்து, பாத்து," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுண்டுவிரலுக்கு வந்தபோது அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். கிடங்கில் ஒரு பிளாஸ்டிக் உறைகூடச் சரசரக்கவில்லை. அப்போது சர்வேயர் எழுந்தார். கொலைகாரா என்று கத்தப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் திரையைப் பார்த்துக் கையை நீட்டிக் கேட்டது வேறு.

"ஏன்டா, கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடணும்னு உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குமா தோணலை?"

திரையில் வில்லன் அடுத்த பாதத்தை மடியில் எடுத்து வைத்தான். சர்வேயர் இரண்டு நாட்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணால் பார்த்தது ஒன்று நாற்பத்தோரு வருடங்களாக மனசில் கல்வெட்டாக இருந்தது. இப்போது அதே கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. நில அளவையில் இப்படி நடந்தால் புதிய அளவுதான் செல்லும். மூன்றாம் நாள் காலை தங்கையிடம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பையன் நல்ல பையன்தான் போலிருக்கு," என்றார். பையனுக்கு அறுபத்தாறு வயது.

மீட்டரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இதைக் கண்டுபிடிக்க நாப்பத்தோரு வருஷமாச்சா அண்ணே?"

"ரீலை எவன் எடுத்து ஓட்டினான்? ஓட்டியிருந்தா முன்னாடியே பாத்திருப்பேன்."

"படத்துல அவ வாழ்ந்தது அவளோட போகட்டும். என்னை அதுல இழுக்காதீங்க," என்று அவள் சொன்னாள். அன்று முழுவதும் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. ஆனால் மறுநாள் மதியம், தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து, குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு ஆபரேட்டரின் மின்விசிறிக் கடைக்குப் போனாள். ஏழாவது ரீலை மட்டும் போடச் சொன்னாள். அவர் எழுந்து சாவியை எடுத்தார்.

யாரும் இல்லாத கிடங்கில் தனியாக ஒரு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து அவள் அந்த இன்னொருத்தியைக் குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்த்தாள். முப்பத்தாறு வருட அனுபவத்தில் அவளுக்கு ஒரு வீட்டில் நுழைந்ததும் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். வில்லன் ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் போட்டான், குறித்துக்கொண்டாள். மதியத் தூக்கத்தில் குறட்டைவிட்டான், மோட்டாரைவிடச் சத்தமாக, அதையும் குறித்துக்கொண்டாள். ஒரே கதையைக் கிணற்றுக்காரியிடம் இரண்டு முறை சொன்னான். இரண்டாம் முறை அவள் தடுக்கவில்லை. பிறகு அவன் எங்கோ போனான். கிணற்றுக்காரி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையில் ஒரு சட்டையோடு அப்படியே நின்று, எதையோ நினைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. பக்கத்தில் யாரும் இல்லை. என்ன நினைத்தாள் என்று படத்தில் சொல்லவில்லை. மீட்டரம்மா ரீல் முடிந்து திரை வெளுத்துப்போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேட்டர் கீழே வந்து இரண்டு மெத்தை தள்ளி உட்கார்ந்தார்.

"இவ எப்படிச் சாகாம வந்தா?" என்று அவள் கேட்டாள். "அவன்தானே தள்ளினான். எல்லாத்துக்கும் முன்னாடி அது நடந்துதானே இருக்கு?"

ஆபரேட்டர் மாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீங்க கேட்டதால சொல்றேன். மூணாவது நாள் உங்க அண்ணன் எழுந்து போனதும் கொட்டகையில ஒரு ஈ காக்கா இல்ல. நல்ல மழை. ரீலை எல்லாம் பின்னாடி சுத்தித்தானே டப்பாவுல வைக்கணும். சும்மா சுத்தறதுக்குப் பதிலா விளக்கைப் போட்டு மெஷின்லயே பின்னாடி ஓட்டினேன், ஒரு விளையாட்டுக்கு. பதினாலாவது ரீல்ல வில்லன் ஜெயில்லேருந்து பின்னாடியே நடந்து வெளிய வந்தான். போலீஸ்காரங்க விலங்கைக் கழட்டிவிட்டாங்க. ஏழாவது ரீல்ல தண்ணி அப்படியே விலகுச்சு, நீங்க கிணத்துக்குள்ளேருந்து தலைமுடியோட ஜிவ்வுன்னு மேல வந்தீங்க. அவன் ரெண்டு கையையும் நீட்டி உங்களைப் பிடிச்சு நிறுத்தினான். அதுக்கப்புறம் டப்பாவுல போட்டு மூடினதுதான்." அவர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அவங்க ரெண்டு பேருக்கும் கடைசியா நடந்தது என்னம்மா? அவன் தூக்கிவிட்டது. அங்கேருந்துதானே அவங்க பொழைச்சிருப்பாங்க."

"அப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

"அதே முகம்தான். முன்னாடி ஓட்டினா கொலைகாரன் மாதிரி இருக்கும். பின்னாடி ஓட்டினா, இவ விழுந்துடுவாளோன்னு பயந்து செத்தவன் மாதிரி இருந்துச்சு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டரம்மா மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் கம்பவுண்டர் அங்கே தினமும் வந்து ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். அப்போது அவர் ஓர் ஆட்டின் பின்னங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். காலை விட்டால் ஆடு ஓடிவிடும், அவளைப் பார்த்ததும் எழுந்து நிற்காமலும் இருக்க முடியவில்லை. பாதி எழுந்த நிலையில், ஆட்டின் காலோடு நின்றார்.

"ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

கம்பவுண்டர் யோசித்தார். ஊரே பார்த்த படத்தை அவரும் ஒரு ஞாயிறு கடைசி மெத்தையில் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்திருந்தார். "போடுவேன்," என்றார்.

"குறட்டை?"

"தனியா இருக்கறவனுக்கு அது எப்படிங்க தெரியும்?"

ஆடு ஒருமுறை கத்தியது. அவள் அது முடியும்வரை காத்திருந்தாள். "ரெண்டாவது தடவை ஏன் வரலை?"

இந்தக் கேள்வியை அவர் நாற்பத்தோரு வருடங்களாகத் தினமும் கேட்டுக்கொண்டவர் என்றாலும், பதிலை ஒழுங்கான வரிசையில் வைத்திருக்கவில்லை. "உங்க அண்ணன் கேட்டாரே, அந்த முகம் எங்கேருந்து வந்துச்சுன்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தள்ளினது நான்தானே. உங்க இடுப்புல கயிறு கட்டி இன்னொரு முனையை என் கையில கொடுத்தாங்க, கேமராவுக்குத் தெரியாம முதுகுப் பக்கமா. பத்து பேரு பிடிக்க வேண்டியது, ஆளில்லைன்னு என்கிட்டயே கொடுத்துட்டாங்க. தள்ளவும் நானே, பிடிக்கவும் நானே. உங்களைத் தள்ளின உடனே கயிறு வழுக்கிச்சு. கையெல்லாம் உரிஞ்சிடுச்சு. மூணு நாள் ஊசி பிடிக்க முடியல. அப்ப என் முகம் எப்படிப் போச்சோ." அவர் ஆட்டைப் பார்த்துச் சொன்னார், "அதை உங்க வீட்ல சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனைப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் நெனைச்சிருக்க மாட்டேன்," என்றாள் மீட்டரம்மா. அவள் குரல் வழக்கமாக எண் சொல்லும் குரலாகவே இருந்தது, ஆனால் கண்ணைத் துடைக்கப் புறங்கையை ஒருமுறை உபயோகித்தாள். "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். மீட்டர் பாக்க வந்தப்பயாவது சொல்லியிருக்கலாம். வாய் இல்லாத ஜீவன்களோடயே பழகி உங்களுக்கும் வாய் போயிடுச்சு. வியாழக்கிழமை பதிவு ஆபீஸ் திறந்திருக்கும். பத்தரைக்கு வந்துடுங்க. அதுக்குள்ள துண்டைக் கொடியில போட்டுப் பழகுங்க."

கம்பவுண்டரின் கை தளர்ந்தது. ஆடு மூன்று காலில் தெருக்கோடிவரை ஓடியது. அதைப் பிடித்து வந்து மீதிக் கட்டைப் போட்டு முடிக்கப் பன்னிரண்டு மணி ஆயிற்று. அதுவரை அவர் சிரித்துக்கொண்டே இருந்ததாக ஆட்டுக்காரர் சொன்னார்.

பதிவு அலுவலகத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. பதிவாளர் ஞாயிறு தவறாமல் படம் பார்க்கிறவர். படிவத்தைப் பார்த்து, பேனாவை மூடிவைத்து, இந்த இருவருக்கும் ஏற்கனவே திருமணம் ஆகி, குடித்தனம் நடப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கும்போது மறுபடி பதிவு செய்தால் தன் வேலைக்கு உலை என்று சொல்லிவிட்டார். சாட்சியாக வந்திருந்த சர்வேயர் மேசையைத் தட்டினார். தன்னை அழைக்காத கல்யாணம் கல்யாணமே அல்ல என்பது அவர் கட்சி. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார் பதிவாளர். கடைசியில் பல் டாக்டரை வரவழைத்தார்கள். அவர் மீட்டரம்மாவை ஜன்னல் பக்கம் திருப்பி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்: மேற்படி அம்மாளின் கீழ்வரிசை வலது கடைவாய்ப் பல்லுக்கு உலோக உறை உண்டு, உறை போட்டது நானே, திரையில் வாழும் அம்மாளுக்கு அந்த இடத்தில் பல்லே இல்லை, எனவே இருவரும் வேறு வேறு நபர்கள். பதிவாளர் அதைக் கோப்பில் இணைத்து, கையெழுத்து வாங்கி, வாழ்த்தும் சொன்னார். அந்தச் சான்றிதழ் இப்போதும் அங்கே இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

குறட்டை உண்மைதான். துண்டு விஷயம் முதல் மாதத்தில் சரியானது, இரண்டாம் மாதத்தில் பழையபடி ஆனது. மீட்டரம்மா கத்தினாள், கம்பவுண்டர் கேட்டுக்கொண்டார். சர்வேயர் மைத்துனரோடு தினமும் மாலை நடக்கப் போனார். நாற்பத்தோரு வருடத்து வருத்தத்தை ஒருபோதும் வாயால் சொல்லாமல், தெருவில் எப்போதும் அவரை நிழல் பக்கமாக நடக்கவைத்தார். இதற்கிடையில் கிடங்கில் கூட்டம் இருநூறைத் தாண்டியது. மெத்தை விற்பனையை நிறுத்திவிட்டு மெத்தைக்கடைக்காரர் ஞாயிறுகளுக்காகவே வாழ்ந்தார். திரையில் இருந்தவர்களைப் பற்றி ஊர் வீடுகளில் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். கதாநாயகனுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, வழுக்கைக் குழந்தையின் மகளுக்கு வரன் அமைந்ததா என்றெல்லாம் விசாரித்தார்கள். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டை இருநூறு பேர் எட்டிப்பார்ப்பது என்ன பழக்கம் என்று மீட்டரம்மா டாக்டரைக் கேட்டாள். மீட்டர் பார்க்கப் போனால்கூட நாங்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவோம் என்றாள். இதில் நியாயம் இருந்தது. அன்றுமுதல் ஆபரேட்டர் ஒவ்வொரு டப்பாவையும் திறக்குமுன் மூடியில் மூன்று முறை தட்டி, உள்ளே இருப்பவர்கள் துணிமணியைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிடம் கொடுத்து, பிறகு திறந்தார்.

மூன்று வருடங்கள் இப்படிப் போன பிறகு, தலைநகரத்துத் திரைப்படக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய படம் ஒன்று கிடைத்திருப்பதாகத் தெரிகிறது, வருகிற ஞாயிறு அதிகாரி நேரில் வந்து பரிசோதித்து எடுத்துப்போவார், குளிர் அறையில் வைத்தால் இருநூறு வருடங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் இதைக் கிடங்கில் உரக்கப் படித்தார்.

"இருநூறு வருஷம் இதே முழங்கால் வலியோடவா?" என்று கம்பவுண்டர் கேட்டார். டாக்டர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

சனிக்கிழமை மதியம் மீட்டரம்மா சாவி வாங்கிக்கொண்டு தனியாக ஆபரேட்டர் அறைக்குப் போனாள். பதினான்கு டப்பாக்களின் மூடியிலும் தட்டினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. ஆபரேட்டர் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் அந்த அம்மா மெதுவாகப் பேசிய முதல் சந்தர்ப்பம் அது என்பதால் தனக்குக் கேட்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

அதிகாரி பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். ஒல்லியான, கண்ணியமான மனிதர். கையில் படிவங்கள், வெள்ளைக் கையுறை. படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு நல்ல நிலையில் தான் எதையும் கண்டதில்லை என்றார். இருநூறு பேரோடு மெத்தையில் உட்கார்ந்தார். ஆபரேட்டர் தட்டிவிட்டுத் திறந்து ஓட்டினார். முதல் ரீலில் காலி நாற்காலி, அதன்மேல் மடித்து வைத்த செய்தித்தாள். பாட்டு வரவேண்டிய இடத்தில் காலி பெஞ்சும் சில இலைகளும். ஏழாவது ரீலில் தோட்டம், கிணறு, கொடியில் துணி இல்லை. பின்னால் வீட்டுக் கதவு, அதில் நல்ல கனமான பூட்டு. ஒரு பூனை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பத்து நிமிடங்கள் பூட்டையே பார்த்த பிறகு அதிகாரி பக்கத்திலிருந்த பெண்மணியிடம் குனிந்து, எப்போது வருவார்கள் என்று கேட்டார். இதைக் கேட்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. எல்லோரும் காத்திருந்த விதம் அப்படி இருந்தது.

"சொல்லிட்டுப் போகலையே," என்றாள் மீட்டரம்மா.

"நான் ரசீதுல என்னன்னு எழுதறது? ஆளில்லாத படத்தை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்ண?"

"மீட்டர் பாக்கப் போன வீட்ல ஆளில்லைன்னா நாங்க ஒண்ணு எழுதுவோம்," என்று அவள் படிவத்தில் இடத்தைக் காட்டினாள். அதிகாரி கையுறையைக் கழற்றி, காரணம் என்ற கட்டத்தில், "கதவு பூட்டியிருந்தது," என்று தெளிவான கையெழுத்தில் எழுதி, தேதி போட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்.